ராமர் பாதத்துக்குப் போன நாள்

4 மே 2025
குவைத்திலிருந்து தங்கச்சிமடம் வந்து ஆறு நாள். ஐந்து வருடம் கழித்து மகள் ஜெனிட்டாவைப் பார்க்க வந்தவளுக்கு இந்த வீட்டில் வேலையே இல்லை. ஜெனிட்டா எழுந்ததும் தேடுவது என் அக்கா யாகப்பம்மாளை. பெரியம்மா என்று கூப்பிடச் சொல்லித்தரவில்லையா? "அம்மா" என்கிறாள். நான் "குவைத் அம்மா". ஊர்ப்பெயர் ஒட்டிய அம்மா.

7 மே
நான் வாங்கி வந்த கவுன் அளவு சேரவில்லை. அக்கா அரை மணி நேரத்தில் தையலைப் பிரித்துச் சரிசெய்துவிட்டாள். "அம்மா தச்ச கவுன்" என்று தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தாள் பிள்ளை.

11 மே
பூசை முடிந்து வரும்போது அக்காவிடம் சொன்னேன்: நாளைக்கு ஜெனிட்டாவை ராமேஸ்வரத்தில் ராமர் பாதம் மேட்டுக்குக் கூட்டிப்போகிறேன், நாங்கள் இரண்டு பேர் மட்டும்.
"வெயில் தாழப் போங்க அனிட்டா. அவளுக்கு ஒசரம்னா பயம்."
"எம் பிள்ளைக்கு எது பயம்னு எனக்குத் தெரியாதாக்கும்?"
தெரியாது. அதுதான் எரிந்தது.

12 மே
எழுதக் கை கூசுகிறது.
ஆட்டோவில் ஜெனிட்டா சிரித்துக்கொண்டுதான் வந்தாள். மேட்டிலுள்ள மண்டபத்தின் மேல்தளத்துக்கு ஏறினோம். தீவு முழுக்கத் தெரிந்தது — உடைமரக் காடு, கோயில் கோபுரம், சுற்றிலும் கடல். காற்று ஆளைத் தள்ளியது. கடைசிப் படியிலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.
"அம்மா... அம்மா..."
"இங்கனதான இருக்கேன் பாப்பா."
"நீங்க இல்ல. எங்கம்மா!"
என்ன வந்ததோ எனக்கு. கையைப் பிடித்து இழுத்தேன். "கண்ணைத் தொறந்து பாருடி! நான்தாண்டி பெத்தவ!" என்று கத்தினேன். பயத்தில் கவுனை நனைத்துவிட்டாள்.
கீழே சங்கு மாலை விற்கும் பெண் தண்ணீர் கொடுத்தாள். "பெத்தவளாம்மா நீ?" என்று கேட்டாள்.
"சித்தி" என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன்?

13 மே
குவைத்தில் நான் வேலை பார்க்கும் வீட்டுக் குழந்தை, காய்ச்சல் வந்தால் என்னைத்தான் கேட்கும். அதைப் பெற்றவள் கதவோரம் நின்று பார்ப்பாள். அப்போதெல்லாம் உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

15 மே
வெடித்துவிட்டேன். "எம் பிள்ளைய நீ பிடுங்கிக்கிட்டக்கா."
அக்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவக்கூட இல்லை.
"நீ வார தேதி தெரிஞ்சதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கலடி. கூட்டிட்டுப் போயிருவியோன்னு. நீ போன்ல பேசையில அவ சிரிப்பா. எனக்கு அங்கன நிக்க முடியாது, அடுப்படிக்குப் போயிருவேன்."
இதே வயிற்றெரிச்சல் அவளுக்கும். ஐந்து வருடமாக. கேட்டதும் சந்தோஷப்பட்டேனா? கொஞ்சம். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

30 மே
குவைத் திரும்பவேண்டிய இன்றைய விமானத்துக்கு நான் போகவில்லை. அங்கேயே வேலை பார்க்கும் என் கணவர் டென்னிஸ் போனில் திட்டித் தீர்த்தார். கடைசியில், "சரி, நீயாவது அவகூட இரு" என்றார்.

17 ஜூன்
பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்த ஜெனிட்டா வாசலில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் எழுந்தோம். அக்காவிடம்தான் ஓடினாள். வலித்தது. உள்ளே போய் மருந்தும் பஞ்சும் எடுத்து வந்தேன்.
அக்கா மடியில் உட்கார்ந்தபடியே ஜெனிட்டா காலை என் பக்கம் நீட்டினாள்.
"எரியும். ஊதிக்கிட்டே போடு" என்றாள் பிள்ளை.