பாதி மூடி

அம்பத்தூர் ஸ்டேஷனில் மழை பிடித்துக்கொண்டது. குடைக்காக உன் பழைய துணிப்பையில் கையை விட்டேன். ஒன்றுக்குள் ஒன்றாக, மருந்து பாட்டிலின் அளவு மூடிகள் இரண்டு தட்டுப்பட்டன. பெரியதில் சிவப்பு நெயில் பாலிஷ் கோடு. சிரப்பின் இனிப்பு வாசம் இன்னும் போகவில்லை. பிளாட்பாரத்திலேயே அழுதுவிட்டேன்டி.

பெரியவர்கள் அன்றாட வாழ்க்கையில் எண்களை எப்படிக் கற்கிறார்கள், எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க நாம் வீடு வீடாக அலைந்தோமே, அப்போது கிடைத்தவை இவை. நமக்கு ஒரு விதி இருந்தது: பார்க்கலாம், கேட்கலாம், திருத்தக்கூடாது. திருத்தினால் ஆய்வு கெட்டுவிடுமாம்.

குமணன்சாவடியில் செல்வியின் வீடு. காய்ச்சலில் துவண்டு கிடந்த மகளுக்குப் புது பாட்டிலிலிருந்து மருந்து ஊற்றினாள். "போன தபா டாக்டரு பாதி மூடி குடுக்கச் சொன்னாருக்கா. அதே மருந்துதான்" என்றாள். மருந்து அதேதான். ஆனால் கம்பெனி மூடியை மாற்றியிருந்தது. புதியது இரண்டு மடங்கு கொள்ளும். அதில் பொறித்திருந்த எண்களோ கண்ணுக்கே தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ அவள் கையைப் பிடித்துவிட்டாய்.

"பழைய மூடி வூட்ல கீதா?" என்று அவள் பேச்சிலேயே கேட்டாய். புதிய மூடியில் இருந்த பாதியை அதில் ஊற்றினாய். விளிம்பு வரை நிறைந்தது. செல்வி இரண்டு மூடிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது பாதி இல்லக்கா, முழுசா கீது" என்றாள். பிறகு அவளே பழைய மூடியில் பாதி அளந்து பெரியதில் ஊற்றிப் பார்த்து, அதன் வெளிப்புறம் நெயில் பாலிஷில் கோடு போட்டாள். பாட்டில் தீர்ந்ததும் இரண்டையும் உன்னிடமே கொடுத்தாள்.

ஆபீசில் நமக்குச் செம திட்டு. "பதிவே கெட்டுப்போச்சு" என்றார் ஆய்வுத் தலைவர். "கொழந்த கெட்டா பரவால்லியா சார்?" என்று கேட்டாய். அந்த வீட்டை மட்டும் ஆய்விலிருந்து நீக்கிவிட்டார்கள்.

நீ இந்த உலகத்தை விட்டே போய்விட்டாய். இப்போது ஆவடிப் பக்கம் தொடங்கும் புது ஆய்வுக்கு நான் பொறுப்பு. கையேட்டில் அதே விதி அப்படியே இருந்தது. அடித்துவிட்டு எழுதினேன்: "கடைசிவரை பாருங்கள். ஆபத்து என்றால் கையைப் பிடியுங்கள். பிடித்ததையும் பதிவு செய்யுங்கள்." மேலிடத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். இந்த வரி இல்லாமல் ஒரு ஆளைக்கூட நான் வீடுகளுக்கு அனுப்பப்போவதில்லை.

நாளைக்கு இந்த வரியை முடிவு செய்யும் கூட்டம். இரண்டு மூடிகளையும் எடுத்துப்போகிறேன். ஒரு பாட்டில் தண்ணீரும்.