கணவாய் மேல் ஒற்றைத் தாழை

யெம்புரி ஓடுதளம்,
செப்டம்பர் 7, ஞாயிறு

மதிப்பிற்குரிய கேப்டன் நியாலின் அவர்களுக்கு,

யெம்புரி ஓடுதள முகவர் கெபாய் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவி மொயாரேயும் குழந்தையும் நலம். மானுஸ் தீவில், உங்கள் அம்மா வீட்டில், உங்கள் தோள் எலும்பு கூடி வருகிறது என்று, இப்போது உங்களுக்குப் பதிலாக விமானம் ஓட்டி வருகிற ரூபன் சொன்னான். கையைத் தலைக்கு மேலே தூக்க முடிகிறதா? டாக்டர் சொன்னதை எழுத வேண்டாம், வலிக்கிறதா இல்லையா என்று உள்ளதை எழுதுங்கள்.

ரேடியோவில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். ரேடியோவில் நான் தும்மினால்கூட மலை முழுக்கக் கேட்கும். சுற்றியுள்ள பதினோரு ஓடுதள முகவர்களுக்கும் காலையில் அதை விட்டால் வேறு பொழுதுபோக்கு கிடையாது. இது உங்களுக்கு மட்டும் முதலில் தெரிய வேண்டிய விஷயம்.

இருபதாம் தேதி உங்கள் விசாரணை. உங்கள் லைசென்ஸ் நிலைக்குமா போகுமா என்று மூன்று அதிகாரிகள் அன்று முடிவு செய்யப் போகிறார்கள். கணவாயை மேகம் மூடியிருந்தும் உள்ளே நுழைந்தது விமானியின் தவறு என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்களாம். ரூபன் இதைச் சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஓடுதளச் செய்தி முதலில் சொல்லிவிடுகிறேன். புல் வெட்டியாகிவிட்டது. மேல் முனையில் உங்கள் சக்கரம் விழுந்த வாய்க்காலைக் கல் போட்டு மூடிவிட்டோம். உங்கள் விமானத்தின் வளைந்துபோன முன்விசிறியைப் பாதிரியார் கோயில் மணியாக்க வேண்டும் என்று மூன்று முறை கேட்டு வந்தார். கேப்டனைக் கேட்காமல் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்காக இரண்டு ஞாயிறாக என் பக்கம் திரும்பாமலே பிரசங்கம் செய்கிறார்.

நீங்கள் இல்லாத செவ்வாய்க்கிழமைகள் நன்றாக இல்லை. இதை முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வராது. நீங்கள் இங்கே வர ஆரம்பித்த புதிதில் மூன்று நாள் தொடர்ந்து கணவாய் வரைக்கும் வந்து திரும்பிப் போனீர்களே, நினைவிருக்கிறதா? ஊரில் உப்பு தீர்ந்து எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தோம். நாலாம் நாள் நீங்கள் இறங்கியதும் என் மச்சான் எல்லோர் முன்னாலும், "என்னம்மா, கடல்காரிக்கு மலையைக் கண்டா பயமா?" என்று கேட்டான். நீங்கள் உப்பு மூட்டையை அவன் தோளில் ஏற்றிவிட்டு, "ஆமா, பயம்தான். பயந்தவதான் நாலாவது நாளும் உயிரோட வந்திருக்கேன், தூக்குங்க" என்றீர்கள். அவன் இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். நான் சிரிக்கவில்லை. வந்து இறங்கிய விமானிகளை நிறையப் பார்த்திருக்கிறேன், கேப்டன். திரும்பிப் போனேன் என்று நிமிர்ந்து நின்று சொன்ன ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

மழை பிடித்துக்கொண்ட நாட்களையும் நினைத்துக்கொள்கிறேன். நீங்கள், ரூபன், கிளென் மூன்று பேரின் விமானமும் இங்கேயே மாட்டிக்கொள்ளும். இறக்கைக்கு அடியில் உட்கார்ந்து சக்கரவள்ளிக் கிழங்கும் டின் மீனும் தின்றுகொண்டு பேசுவீர்கள். அங்கே ஒரு சட்டம் உண்டே. அவரவர் தப்பை அவரவர்தான் சொல்ல வேண்டும், அடுத்தவர் தப்பை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. வீரக்கதை ஆரம்பித்தால் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். குவீன்ஸ்லாந்துக்கார கிளென் கழுவிய பாத்திரம்தான் அதிகம்.

ஆனால் அந்த கிளெனே ஒரு நாள் சாப்பிடாமல் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாரே. "ஆத்தைப் பாத்தேன், நம்ம ஆறுதான்னு நம்பிட்டேன். அது வேற ஆறு. மேல மேகம், முன்னால செவுரு மாதிரி மலை. பள்ளத்தாக்குக்கு நட்டநடுவுல பறந்துட்டிருந்தேன், அதான் தப்பு. ஓரமா ஒட்டிப் போயிருந்தா திரும்புறதுக்கு முழு இடமும் கெடச்சிருக்கும். எப்படித் திரும்பினேன்னு இன்னைக்கும் தெரியல." யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. மறுவாரத்திலிருந்து நீங்கள் மூன்று பேரும் வலப்பக்க மலையை ஒட்டியே வந்தீர்கள். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு மனிதன் வெட்கத்தை விட்டுச் சொன்ன தப்பு இன்னும் இரண்டு பேரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ரூபன் கதையும் அப்படித்தான். கல்யாணத்துக்குப் போகிற பெண்கள் தங்கள் வலைப்பையின் எடையைச் சொன்னபடியே நம்பி, தராசில் வைக்காமல் ஏற்றிவிட்டான். பைக்குள்ளே கல்யாணச் சீராகக் கொடுக்கிற, அம்மிக்கல் மாதிரி கனத்த கோடாரிக் கற்கள். ஓடுதளம் முடிகிற இடத்தில் மரக்கிளையை உரசிக்கொண்டு விமானம் எழும்பியது. அதைக் கேட்டு நீங்கள், "எனக்கு ஒரு மாப்பிள்ளை வந்தா, தராசுல ஏத்திப் பாத்துட்டுத்தான் சம்மதிப்பேன்" என்றீர்கள். நான் சுடுதண்ணீரைக் கொட்டிவிட்டேன், அவ்வளவு சிரிப்பு. அன்று நீங்கள் என் பக்கம் திரும்பி, "கெபாய் அண்ணே, எத்தனை வருஷமா எங்க தப்பையே கேட்டுட்டிருக்கீங்க, உங்க முறை எப்ப?" என்று கேட்டீர்கள். தரையில் நிற்கிறவனுக்கு என்ன தப்பு இருக்கப்போகிறது என்று சொல்லிக் கிழங்கைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது என் முறை, கேப்டன்.

ஜூலை பதினைந்து. மொயாரேக்கு இரண்டாம் நாள் வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, நகர ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் இருவருமே தங்க மாட்டார்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். காலை ஒன்பது மணிக்கு நீங்கள் ரேடியோவில் வந்தீர்கள். எப்போதும் கேட்பதைத்தான் கேட்டீர்கள். "அண்ணே, கணவாய் மேல ஒத்தைத் தாழை தெரியுதா?"

தாழை தெரிந்தால் கணவாய் திறந்திருக்கிறது, தெரியாவிட்டால் மூடியிருக்கிறது. இந்த அடையாளத்தை நீங்களும் நானும் சேர்ந்துதான் வைத்துக்கொண்டோம். நான் நிமிர்ந்து பார்த்தேன். தாழை இல்லை. அது நிற்கிற மேடும் இல்லை. மேகம் பாதி மலைக்கு இறங்கியிருந்தது. பின்னால் வீட்டிலிருந்து மொயாரேயின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

தெரிகிறது என்றேன்.

"வேர் வரைக்கும் தெரியுதாண்ணே?" என்று மறுபடி கேட்டீர்கள். என் குரலில் ஏதோ தட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் இரண்டாம் தடவை கேட்கிற ஆள் இல்லை. வேர் வரைக்கும் தெரிகிறது என்றேன்.

கணவாயில் ஒரு முறை திரும்பினீர்கள், சத்தம் கேட்டது. பிறகு ஆற்றோரமாகக் கீழே புகுந்து வந்தீர்கள். வெள்ளைப் பாறையைத் தாண்டிவிட்டால் இந்த ஓடுதளத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும், திரும்ப இடம் கிடையாது. நீங்கள் பாறையைத் தாண்டியதும் மழை கொட்டியது. மற்றது உங்கள் தோளுக்குத் தெரியும்.

வாய்க்காலில் சாய்ந்து கிடந்த விமானத்திலிருந்து இறங்கி, ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா எங்க, உயிரோட இருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்டீர்கள். அப்புறம் தலையைத் தூக்கிக் கணவாயைப் பார்த்தீர்கள். அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். நான் குனிந்துகொண்டேன். "டீ போடுங்கண்ணே" என்றீர்கள்.

மேகம் மதியம் இரண்டு மணிக்கு விலகியது. ஹெலிகாப்டர் வந்து உங்களையும் மொயாரேயையும் தூக்கிக்கொண்டு போனது, வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். அதாவது, காலையில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால், இரண்டு மணிக்கு நீங்களே சேதமில்லாமல் இறங்கி அவளைக் கூட்டிப்போயிருப்பீர்கள். என் பொய்யால் மொயாரேக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமாகவில்லை. இதை நினைத்தால்தான் நெஞ்சு வேகிறது.

அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்ததில் நீங்கள் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னீர்கள் என்று நினைத்திருந்தேன். போன வாரம் கிழங்கு கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நீங்கள் பொய்யே சொல்லவில்லை. திரும்பியவள் திரும்பியபடியே போயிருக்க வேண்டும் என்று உங்கள் தப்பை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். முகவர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, அதை அவரிடம் கேளுங்கள் என்றீர்களாம். அடுத்தவர் தப்பை நீங்கள் வாயில் எடுக்கவில்லை, எனக்கென்று விட்டுவைத்திருக்கிறீர்கள். அதிகாரிகள் இவ்வளவு தூரம் வந்து என்னைக் கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் எனக்கும் சௌகரியமாக இருந்தது.

நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர்களுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். கையெழுத்திட்ட காகிதம் வந்தால்தான் எடுத்துக்கொள்வார்களாம். ஊரில் சொன்னேன். "வாயை மூடிட்டு இருய்யா. பொய் சொல்ற ஊருக்கு எவன் விமானம் விடுவான்? உப்புக்கும் மருந்துக்கும் நாலு நாள் நடக்கணும்" என்று மச்சான் சத்தம் போட்டான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ரேடியோ என் கையை விட்டுப் போகும், அது நிச்சயம். மொயாரே மட்டும், "எழுது. நீ எழுதாம இந்தப் பிள்ளைக்குப் பேர் வைக்க மாட்டேன்" என்றாள். ஏழு வாரமாகக் குழந்தை வெறும் பாப்பாதான்.

செவ்வாய்க்கிழமை ரூபன் வரும்போது இரண்டு கடிதத்தையும் அவன் கையில் கொடுக்கிறேன்.

செவ்வாய், மதியம்

ஒட்டிய கடிதத்தை மறுபடி பிரித்து எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்கு ரூபன் ரேடியோவில் வந்தான். "கடுதாசி ரெடியாண்ணே? இன்னைக்கு விட்டா இனி வெள்ளிக்கிழமைதான். தாழை தெரியுதா?" என்றான். இரண்டு கடிதமும் என் சட்டைப் பையில் இருந்தன. நிமிர்ந்து பார்த்தேன். தாழையின் தலை மட்டும் ஒரு கணம் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. விமானத்தில் வருகிற அரிசிக்காக ஊர் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் நின்றது. தெரிகிறது என்று சொன்னால் இன்று மாலைக்குள் உங்கள் லைசென்ஸுக்கு வழி பிறந்துவிடும் என்ற நினைப்புகூட வந்தது.

தெரியவில்லை, திரும்பிப் போ என்றேன்.

விமானச் சத்தம் கணவாய்க்கு அப்பால் கொஞ்ச நேரம் சுற்றியது, பிறகு தேய்ந்துபோனது. அரிசியும் அதோடு போயிற்று. கூடி நின்றவர்கள் வெறும் கையோடு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

வெள்ளிக்கிழமையும் தாழை மறைந்திருந்தால் நானே நாலு நாள் நடந்து அடுத்த ஓடுதளத்தில் இந்தக் கடிதங்களைச் சேர்ப்பேன். இருபதாம் தேதிக்குள் அவை போய்ச் சேர்ந்தே தீரும், கவலைப்படாதீர்கள். உங்கள் எலும்பு நன்றாகக் கூடட்டும். உங்கள் சக்கரம் படுகிற மண்ணெல்லாம் உலர்ந்திருக்கட்டும். அந்த ரேடியோவை இனி யார் பிடித்துக்கொண்டு நின்றாலும், பக்கத்தில் நான் நின்று தாழையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வர வேண்டாம் என்று நான் சொன்னால் வராதீர்கள். வரலாம் என்று சொல்கிற நாளில், ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, வாருங்கள்.

உங்கள் தப்பையெல்லாம் கேட்டு, தன் தப்பைச் சொல்ல இத்தனை காலம் எடுத்துக்கொண்ட,
கெபாய்