வளைவை ஒட்டி அளந்த தண்ணீர்

கிள்ளான்
29 டிசம்பர் 1993

மகன் லியனார்டுக்கு அப்பா கொர்னேலியஸ் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை நான் கேட்கப்போவதில்லை. ஜோகூரில் புதுப் பதவி, கம்பெனிக் கார் என்று நீ சுகமாக இருப்பதுதான் இப்போது எனக்குத் தொல்லை.

அம்மா செய்த கிறிஸ்துமஸ் கேக்கைக் கேரி தீவுக்கு, தோட்டத்துப் பம்பு பார்க்கும் கன்னையா வீட்டுக்குக் கொண்டுபோனேன். தீபாவளிக்கு அவர்கள் தட்டு வரும், கிறிஸ்துமஸுக்கு நம் தட்டு போகும். எந்தத் தட்டும் வெறுமையாகத் திரும்பாது, ஒரு பிடி சீனியாவது இருக்கும். இந்த முறை கேக்கே திரும்பிவிட்டது. பஸ்ஸில் பாதியை நானே தின்றேன். வெட்கத்திலும் எனக்குப் பசிக்கிறது, என்ன செய்ய?

அவர் மனைவி தெய்வானை வாசலை மறித்து நின்றாள். “உங்க மகன் எங்க நெழல்ல உக்காந்துதானே அண்ணே அளந்துச்சு? எங்க டீயக் குடிச்சிட்டுத்தானே திருடன்னு எழுதிச்சு?”

நீ அப்படி எழுதவில்லை, தெரியும். பம்பு வீட்டில் கிளம்பும் தண்ணீரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு தொட்டிக்குச் சேரவில்லை, குழாயில் ஒழுகலும் இல்லை என்று உன் ரிப்போர்ட்டில் எழுதினாய். மீதியை மானேஜர் தானே முடிவு கட்டிக்கொண்டார்: கன்னையா லோரிக்காரர்களுக்குத் தண்ணீர் விற்கிறான். வேலை போகும். அதோடு தோட்டத்து வீடும் போகும்.

நான் பள்ளியில் மூன்றாம் பாரத்தில் கணக்கில் கோட்டை விட்டவன். என் இடுப்பளவே உன் அம்மா சொல்லித்தான் தெரியும். ஆனாலும் நீ தண்ணீர் அளக்க வந்த அன்று, குழாயின் மேல் கட்டும் மீட்டருக்குத் தடவும் களிம்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் வந்தவன் நான்தான். தொட்டிப் பக்கம் செம்பனை மரங்களுக்குள் வெயிலில் வெகுதூரம் நடக்கவைத்தாய். ஏனடா என்றால், குழாய் வளைவுக்குப் பக்கத்தில் தண்ணீர் சுழலும், அங்கே இந்த மீட்டர் அனுப்பும் ஒலி தப்புக் கணக்குச் சொல்லும், குழாயின் அகலத்தைப் போல் பத்து மடங்காவது நேராக ஓடிய பிறகுதான் அளக்க வேண்டும் என்றாய். எஞ்சினியரைப் பெற்றிருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். டப்பா கீழே விழுந்தது.

அப்புறம் பம்பு வீட்டுக்கு வந்தோம். கன்னையா நிழலில் நாற்காலி போட்டார். டீயும் வடையும் வந்தன. நாற்காலிக்கு எட்டிய இடத்தில், வளைவை ஒட்டியே மீட்டரைக் கட்டினாய். நான் கேட்டதற்கு, அங்கிள் இவ்வளவு ஆசையாக உபசரிக்கிறார், எழுந்து வெயிலுக்குப் போனால் நன்றாயிருக்குமா என்றாய். அவர் உனக்கு மரியாதை செய்தார், நீ அவருக்கு மரியாதை செய்தாய். தெருவுக்கு வரப்போவது அவர் மட்டும்.

அந்தப் பன்னிரண்டு பங்கு வளைவு சொன்ன தப்புக் கணக்காக இருக்கலாம் என்று போனில் சொன்னேன். ரிப்போர்ட் மேலே போய்விட்டது, இப்போது மாற்றினால் என் பேர் கெடும், நீங்கள் தலையிடாதீர்கள் என்று வைத்துவிட்டாய். அந்தப் பேரைக் கோயிலில் உனக்கு வைத்தவன் நான். கெடுவதில் எனக்கும் பங்கு உண்டு.

ஜனவரி ஏழாம் தேதி காலை தோட்ட ஆபீசில் விசாரணை. அதற்கு முதல் நாளே வா. நேரான இடத்தில் மறுபடி அளந்து, வருவது எதுவானாலும் சொல். கன்னையா விற்றிருந்தால் அதுவும் தெரியட்டும். நீ வராவிட்டால் நான் போய், உன் வாயிலிருந்து கேட்டதை அப்படியே சொல்வேன். மூன்றாம் பாரம் பேசுகிறது என்று சிரிப்பார்கள். அது எனக்குப் பழக்கம்தான். பெற்ற பிள்ளைக்கு எதிராக நின்று பழக்கமில்லை.

ஆண்டவர் உனக்கு நல்ல புத்தி தரட்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள். புத்தியை அவர் உனக்கு ஏற்கனவே தந்திருக்கிறார். நான் அவரிடம் கேட்டுக்கொண்டிருப்பது, நிழல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் துணிச்சல்.

இப்படிக்கு
அப்பா