ராஜகோபால் வீட்டுக்காரம்மா பேசுகிறேன்

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து ஷோரூம் திறந்தாயிற்று. சர்வீஸ் முடிந்து போகிற ஒவ்வொரு டிராக்டருக்கும் இரண்டு நாளில் கம்பெனியிலிருந்து போன் வரும்: பத்துக்கு எத்தனை மார்க் கொடுப்பீர்கள்? ஒன்பதுக்குக் கீழே இறங்கினால் மேனேஜர் கலைவாணன் சாருக்கு மேலிடத்தில் டோஸ் விழும். அதனால் குறை சொல்கிற ஆள் என்று தெரிந்தால், ஜாப் கார்டில் அவர் நம்பருக்குப் பதிலாக என் டிராயரில் கிடக்கும் போனின் நம்பரை எழுதிவிடுவோம். அடித்தால் நான் எடுப்பேன். "அவரு கழனிக்குப் போயிருக்காரு, நான் வூட்டுக்காரம்மா பேசறேன்." அப்புறம் பத்துக்குப் பத்து.

இன்று மட்டும் மூன்று பேருக்கு மனைவி. கல்யாணமே ஆகாதவள்! மெக்கானிக் கமல் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான்.

ஜனவரி 21, புதன்

காலை பதினொன்றரைக்கு டிராயர் போன் அடித்தது. மார்க் கேட்க அல்ல. தாமல் கிராமத்து ராஜகோபாலின் வண்டியைப் பற்றி. அந்த மாடலில் பிரேக் பார்ட் ஒன்று சரியில்லையாம், இலவசமாக மாற்றித் தருவார்களாம். "மாத்தற வரைக்கும் பாரம் ஏத்த வேணாம்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட மறக்காம சொல்லிடுங்கம்மா" என்றாள் கம்பெனிப் பெண்.

"சொல்றேம்மா" என்றேன். அவ்வளவு பழகிவிட்டது.

கலைவாணன் சாரிடம் போய்ச் சொன்னேன். "பார்ட் வரவே பத்து நாள் ஆவும். இப்ப சொன்னா அந்த ஆளு இங்க வந்து உக்காந்துக்கினு கத்துவாரு. பார்ட் வந்ததும் சொல்லிக்கலாம், விடும்மா."

விட்டுவிட்டேன். ராஜகோபாலின் சொந்த நம்பர் வண்டி வாங்கியபோது எழுதிய ஃபாரத்தில் இருக்கிறது. எடுத்துப் பேச ஒரு நிமிஷம் ஆகுமா?

ஜனவரி 23, வெள்ளி

கூப்பிடவில்லை. அறுவடை நேரம், வண்டி சும்மாவா நிற்கும்?

ஜனவரி 27, செவ்வாய்

நெல் மூட்டையோடு ஏரிக்கரையிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லையாம். வண்டி கவிழ்ந்து ராஜகோபாலுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. உயிருக்கு ஒன்றுமில்லை. கமல்தான் வந்து சொன்னான், என் முகத்தைப் பார்க்காமல்.

ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான். ஒரு போன். ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா—

ஜனவரி 30, வெள்ளி

ஷோரூம் சார்பில் பழக்கூடை கொடுத்து ஆஸ்பத்திரிக்கு என்னை அனுப்பினார் சார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் வடிவு. ராஜகோபாலின் மனைவி. நிஜ மனைவி.

ராஜகோபால் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்திருக்கிறார். அவர்கள் தேதி, நேரத்தோடு பதில் சொல்லியிருக்கிறார்கள்: உங்கள் மனைவியிடம் சொல்லியாயிற்று, அவரும் சரி என்றார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா மூட்ட ஏத்தியிருப்பேனா?" என்று என்னிடம் கேட்டார், வடிவை வைத்துக்கொண்டே.

"எனக்கு அப்படி ஒரு போனே வரலம்மா" என்றார் வடிவு. "என் போனுல பாருன்னு காட்டிட்டேன்."

"அழிச்சிருப்ப. கம்பெனிக்காரன் எதுக்குப் பொய் சொல்லப் போறான்?"

வடிவு என் கையைப் பிடித்தார். "நீங்களாவது அவருகிட்ட எடுத்துச் சொல்லுங்கம்மா."

நான் கூடையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். ச்சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

பிப்ரவரி 2, திங்கள்

"வாயத் தொறந்தா உனக்கும் வேல இல்ல, எனக்கும் இல்ல" என்கிறார் சார். அவர் பயப்படுவது புரிகிறது. என் பயமும் அதுதானே.

பிப்ரவரி 8, ஞாயிறு

தாமலுக்கு பஸ் ஏறினேன். வீட்டில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். வடிவு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"அன்னிக்கு கம்பெனிகிட்ட பேசினது நான்தாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நம்பர் மாற்றியதைச் சொன்னேன். பெண்டாட்டி மாதிரி பேசியதைச் சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வடிவு தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் மறந்து தொலச்சிட்டேன்னு நெனச்சுக்கினு இருந்தேம்மா. யோசிச்சு யோசிச்சு, அந்தப் பொண்ணு பேசினதுகூட ஞாபகம் வர்ற மாதிரி ஆயிடுச்சு எனக்கு."

திட்டவில்லை. நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

பிப்ரவரி 10, செவ்வாய்

நடந்ததையெல்லாம் கம்பெனிக்கு எழுதிவிட்டேன். டிராயர் நம்பரில் அதே மாடல் வண்டி இன்னும் ஐந்து. ஐந்து பேரையும் நானே கூப்பிட்டு, பாரம் ஏற்றாதீர்கள் என்றேன். சாயங்காலம் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

வெள்ளிக்கிழமை கம்பெனி ஆட்கள் விசாரிக்க வருகிறார்கள். அதைச் சொல்ல ராஜகோபாலைக் கூப்பிட்டேன். கேட்டுக்கொண்டார். வடிவு எப்படி இருக்கிறார் என்றேன்.

"இங்க இல்லம்மா. ஏனாத்தூருல அவ அண்ணன் வூட்டுக்குப் போயிட்டா. பதினாறு வருஷம் கூட இருந்தவள நம்பல, போன்ல எவனோ சொன்னத நம்பினியேன்னு கேட்டா. எங்க அக்காதான் வந்து சோறு ஆக்கிப் போடுது. கால ஊன்றாப்ல ஆவட்டும், போயிக் கூப்பிடணும்."

நான் வேண்டுமானால் போய் அவரிடம் பேசட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்மா. நீங்க பேச வேணாம். நானே பேசிக்கறேன்" என்று போனை வைத்தார்.