இரண்டாவது அறைக் கட்டில்

2025 மார்ச் 9, ஞாயிறு. காலை 10.40. மொத்தப் படங்கள்: 2,316. நானும் ரிஷியும் ஒரே படத்தில் இருப்பவை: 11.

பதினொன்று. கிளென் ஈடனில் இந்த வீட்டில், ஒரே கட்டிலில், இரண்டு வருடம் ஏழு மாதம். அதற்கு அத்தாட்சி பதினொரு படம். அதிலும் நாலில் எங்களுக்கு நடுவில் வேறு ஆட்கள். ஒன்றில் ரிஷியின் முழங்கை மட்டும்.

காரணம் தெரியும். எங்கே போனாலும் அவன் என்னை எடுப்பான், பிறகு நான் அவனை எடுப்பேன். தன் படத்தை அவன் மலேசியாவில், தைப்பிங்கில் இருக்கிற தன் வீட்டுக்கு அனுப்புவான். என் படத்தை நான் இதே நகரத்தின் மறுகோடியில், பாபகூராவில் இருக்கிற அம்மாவுக்கு அனுப்புவேன். பக்கத்தில் யார் என்று ஒருவரும் கேட்க வழியில்லை. நல்ல முறை. நான்தான் கண்டுபிடித்தேன்.

இப்போது இமிக்ரேஷனுக்கு நாங்கள் துணைவர்கள் என்று நிரூபிக்கவேண்டும். ரிஷியின் விசா மே 30 முடிகிறது. ஒடாஹுஹுவில் அவன் வேலை செய்கிற பேனர் அச்சடிக்கும் கடைக்கு வெளிநாட்டு ஆட்களை ஸ்பான்சர் பண்ண அனுமதி இல்லை. நான் இந்த நாட்டுக் குடிமகன், என் துணைவன் என்ற வழி ஒன்றுதான் மிச்சம். அது சரிவராவிட்டால் அவன் மலேசியாவுக்குப் போகவேண்டும். அங்கே நாங்கள் இருப்பது போல இருப்பதே குற்றம். நான் பின்னால் போய் என்ன செய்வது? பக்கத்து வீட்டில் குடியிருப்பதா?

"முதல்ல பசியாறு லா. படம் எங்கயும் ஓடிப் போயிடாது," என்கிறான் ரிஷி, தோசைக் கரண்டியோடும் தன் மலேசிய 'லா'வோடும்.

இவனுடைய பொறுமைதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

மார்ச் 11

படிவத்தில் ஒரு கேள்வி: உங்கள் உறவைக் குடும்பத்தினரும் நண்பர்களும் எப்படி அறிந்திருக்கிறார்கள்? பெரிய பெட்டி. வெறும் பெட்டி. மூடிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

அம்மா வந்தா. காலை எட்டு மணிக்கே ரிஷி கேட்டான்: "மியூசியம் தெறக்கணுமா இன்னிக்கு?"

மியூசியம் என்றால் இரண்டாவது அறை. அம்மா வருகிற நாளில் மட்டும் அது ரிஷியின் அறை. எப்படி அடுக்கவேண்டும் என்று என் போனில் ஒரு படம் இருக்கிறது: விரிப்பு, தலையணை, கதிரையில் அவனுடைய சேர்ட் நாலு, மேசையில் சார்ஜர், பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல். படத்தைப் பார்த்துப் பார்த்து அடுக்குவேன். லிஃப்ட் திருத்துகிறவனுக்கு செக்லிஸ்ட் இல்லாமல் கை ஓடாது. அம்மா போனதும் விரிப்பை வாங்கினபோது இருந்த அதே மடிப்பில் மடித்து, அதே பாக்கெட்டில் போட்டு வைப்பேன். தூசி பிடிக்காது.

அம்மா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் ஐஸ்கிரீம் வாளியில் கொண்டுவந்தா. "தம்பி, நல்லா மெலிஞ்சு போனீர். இவன் சமைக்கிறேல்லையோ?" என்று ரிஷியிடம். "அவன் சமைச்சாதான் மெலியிறேன் ஆன்ட்டி." அம்மா சிரித்தா. பிறகு காய்ந்த துவாய்களை மடித்து இரண்டாவது அறையில் கொண்டுபோய் வைத்தா. நான் வாசலில் நின்றேன். விரிப்பை ஒருமுறை கையால் தடவிவிட்டு, "நல்ல துணி," என்றா. அவ்வளவுதான்.

மார்ச் 30

அனுப்பியாகிவிட்டது. 64 கோப்புகள். ரிஷியின் பக்கம்: தைப்பிங்கிலிருந்து விஷாலினி அக்காவின் கடிதம், கடையில் கூட வேலை செய்கிறவர் கடிதம். என் பக்கம்: ஒன்றும் இல்லை. பெட்டியில் 'குடும்பத்துக்குத் தெரியாது' என்று ஒரு வரி எழுதினேன்.

"உன் பக்கம் ஒண்ணுகூட இல்லையா?"

தேவையில்லை என்றேன். 64 கோப்பு காணாதா, போதாதா?

ஏப்ரல் 24, வியாழன்

காணாது.

கடிதம் வந்திருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரம், லிஃப்ட் மோட்டார் அறையில் நின்றபடி படித்தேன். இப்போதைக்கு மறுப்பு இல்லை. ஆனால் சந்தேகங்கள் இருக்கின்றன, மே 8க்குள் பதில் தா, இல்லாவிட்டால் இருப்பதை வைத்து முடிவு செய்வோம்.

ஒன்று: வீட்டு ஒப்பந்தத்தில் வாடகைக்காரர் நான் மட்டும், ரிஷி 'ஃபிளாட்மேட், இரண்டாவது அறை'. இரண்டு: இத்தனை வருடத்தில் சேர்ந்திருக்கும் படங்கள் மிகக் குறைவு. மூன்று: ஸ்பான்சரின், அதாவது என், தாய் இதே நகரத்தில் இருக்கிறார், அவருக்கு இந்த உறவு தெரியாது என்பது ஏன்?

எண்டால் என்ன அர்த்தம்? நாங்கள் நடிக்கிறம் எண்டோ? ஒருத்தன்ரை காய்ச்சலுக்கு மற்றவன் லீவு போட்டதை ஆர் படம் எடுத்து வைச்சிருக்கிறான்? — இப்படியெல்லாம் வாய்க்குள் கத்திக்கொண்டு வேன் ஓட்டினேன். ரிவர்ஹெட்டுக்குப் போகவேண்டியவன் நேர் எதிர்த்திசையில் மனுக்காவில் நிற்கிறேன்.

பிறகு திரும்பவும் படித்தேன். லிஃப்ட் பழுதாகி நின்றால் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு பிழை எண் விழும். பாதி நேரம் அது பொய் சொல்லும். இந்தக் கடிதத்தில் மூன்று எண், மூன்றும் சரி. வீட்டுக்காரர் செல்வரத்தினம் மாமா அம்மாவுக்குக் கோயிலில் பழக்கம் என்பதால் 'ஃபிளாட்மேட்' என்று எழுதச் சொன்னது நான். படம் தனித்தனியாக எடுக்கச் சொன்னது நான். அம்மாவிடம் சொல்லாதது நான்.

இரண்டரை வருடமாக எங்களுக்கு எதிராக நானே அத்தாட்சி சேர்த்திருக்கிறேன். ஒழுங்காக. ஒரு பிழை விடாமல்.

ஏப்ரல் 26, சனி

வழி கிடைத்துவிட்டது. தனித்தனிப் படங்களைச் சோடி சேர்ப்பது. அதே வாங்குப் பலகை, அதே வெளிச்சம், 14:02க்கு நான், 14:03க்கு அவன். நேரமும் இடமும் கோப்பிலேயே பதிந்திருக்கிறது. சிலதில் எடுக்கிறவனின் நிழல்கூட மண்ணில் விழுந்திருக்கிறது. 312 சோடி. அட்டவணை போட்டு ரிஷியிடம் காட்டினேன். அவன் பார்க்கவில்லை.

"மூணாவது கேள்விக்கு?"

"முதல் ரெண்டுக்கும் வலுவாப் பதில் குடுத்தால் மூண்டாவதை —"

"தனோ. எங்க அக்கா தைப்பிங்ல உக்காந்து சொந்தப் பேர்ல கையெழுத்துப் போட்டாங்க. அங்க சட்டமே நமக்கு எதிரா இருக்கு. நீ இங்க, சட்டம் உன் பக்கம் இருக்கிற ஊர்ல, நாப்பது நிமிஷம் கார் ஓட்டப் பயப்படுற."

உனக்கு என் அம்மாவைத் தெரியாது என்றேன்.

"தெரியாதுதான். மியூசியம் கைடாதான என்னைய அவங்களுக்குத் தெரியும்."

ஏப்ரல் 27

ரிஷி சோபாவில் படுத்தான். கோபம் என்றால் அந்த அறையில் கட்டில் சும்மாதானே கிடக்கிறது, ஏன் கால் மடக்கிக்கொண்டு கிடக்கிறாய் என்று கேட்டேன்.

"அதுல படுத்தா அது உண்மையாயிடும்," என்றான்.

மே 3, சனி. பிற்பகல் 4.15, பாபகூரா ஸ்டேஷன் கார் பார்க்

சொல்லிவிட்டேன். காரை நிறுத்திவிட்டு எழுதுகிறேன்.

அம்மா லீக்ஸ் அரிந்துகொண்டு நின்றா. சுற்றி வளைக்க எனக்கு வராது. "ரிஷி ஃபிளாட்மேட் இல்லை அம்மா. நாங்கள் ரெண்டுபேரும் ஒண்டாத்தான் இருக்கிறம். கலியாணம் கட்டின ஆக்கள் மாதிரி."

குழாயை மூடினா. கத்தியைக் கழுவாமலே வைத்தா.

"எவ்வளவு காலம்?"

"ரெண்டரை வருசம்."

"இப்ப ஏன் சொல்லுறாய்? அவன்ரை விசாவுக்கோ?"

இதற்கு நான் ஆயத்தமில்லை. அழுவா, கத்துவா, கோயில், சனம், செத்துப்போன அப்பா — எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

"ஓம்," என்றேன்.

"விசா இல்லாட்டிச் சொல்லியிருக்க மாட்டாய்."

அது கேள்வி இல்லை.

கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். தேதியைச் சொன்னேன். தேதி! "சாப்பிட்டிட்டுப் போ," என்று சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டா. தனியாகச் சாப்பிட்டேன். போகிறேன் என்றபோது கதவுக்கு உள்ளிருந்து, "ஒருத்தருக்கும் சொல்லாதை," என்றா.

மே 4

போன் இல்லை.

மே 5

இல்லை. ரிஷி சோபாவிலிருந்து திரும்பி வந்துவிட்டான். பழைய பயணப் பெட்டிகளை எடுத்துத் தூசி தட்டுகிறான். ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு வேண்டாம்.

மே 6, செவ்வாய்

நம்ப ஏலாது.

அம்மா முதியோர் இல்லம் ஒன்றில் துணி துவைக்கும் பகுதியில் வேலை. மூன்று மணிக்கு முடிந்தால் நேரே ரயிலில் வீடு. இன்றைக்கு ஒடாஹுஹுவில் இறங்கி ரிஷியின் கடைக்குப் போயிருக்கிறா. என்னிடம் இல்லை. அவனிடம்.

அவன் பயத்தில் கேட்டிருக்கிறான்: "ஆன்ட்டி... பேனர் ஏதும் வேணுமா?"

"பேனர் எனக்கென்னத்துக்கு? கடிதம் எழுதவேணும். தாள் இருக்கோ?"

பழுதான அச்சுத் தாள் ஒன்றின் பின்பக்கம், கல்லாமேசையில் வைத்து, நின்றபடியே ஒன்றரைப் பக்கம். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாவாம்: "தம்பி, அங்கை திரும்பிப் போனா உமக்கு ஆர் இருக்கினம்?" அக்கா மட்டும் என்றிருக்கிறான். சரி என்று திரும்ப எழுதினா.

அந்தத் தாள் இப்போது என் முன்னால்.

'நான் இராசமலர். பதினொரு வருடமாகத் துணி துவைக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு இருநூறு விரிப்பு மடிக்கிறேன். ஆள் படுத்த விரிப்பும் படுக்காத விரிப்பும் எனக்குத் தெரியும். என் மகன் வீட்டுக்கு ஒன்பது தடவை போயிருக்கிறேன். இரண்டாவது அறைக் கட்டிலில் ஒன்பது தடவையும் ஒரே விரிப்பு, பாக்கெட்டிலிருந்து எடுத்த மடிப்போடு. அதில் ஒருவரும் படுத்ததில்லை. அந்த வீட்டில் இருப்பது ஒரு கட்டில்தான். அதற்கு மேல் யோசிக்க நான் விரும்பவில்லை. இப்போது மகன் தன் வாயால் சொல்லிவிட்டான். எனக்கு இது விருப்பமில்லை. ஆனால் உண்மை.

நானும் என் கணவரும் புருசன் பெண்சாதி என்று காட்ட எங்களிடமும் ஒரு படம் இருக்கவில்லை. போரில் இடம்பெயர்ந்தபோது எல்லாம் போய்விட்டது. அவர் இங்கே, நானும் பிள்ளையும் அங்கே, நாலு வருடம். கடைசியில் ஆறு பேர் எங்களுக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். அதில் இரண்டு பேருக்கு எங்களைப் பிடிக்காது. இவர்களுக்காக நான் போடுகிறேன்.'

அந்தப் படம் பார்த்து அடுக்கின போத்தல். சேர்ட் நாலு. பாக்கெட்டில் திரும்ப மடித்து வைத்த என் புத்தி. ஒன்பது தடவை!

இதற்கிடையில் இந்தப் பேயன் ரிஷி, உதவி என்று நினைத்து, கடைக் கொம்பியூட்டரிலேயே இங்கிலீசில் மொழிபெயர்த்து, அச்சடித்தும் வைத்திருக்கிறான். நல்ல தாளில். விண்ணப்பம் போட்டவனே தன் சாட்சியின் கடிதத்தை மொழிபெயர்க்கலாமா? கத்தினேன். "பார்டர்கூட போட்டிருக்கேன் பாரு," என்கிறான். சிரிக்கிறான். இரண்டு வாரத்துக்குப் பிறகு சிரிக்கிறான். மேலே கத்த முடியவில்லை.

மே 7

பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர் வெள்ளிக்கு முன் முடியாது என்கிறார். ஒரு வாரம் தவணை கேட்டு எழுதினேன். மே 15 வரை கொடுத்திருக்கிறார்கள். மரியாதையான பதில். திட்டக்கூட ஒன்றும் இல்லை.

'எனக்கு இது விருப்பமில்லை' என்ற வரியை எடுத்துவிடலாமா என்று அம்மாவுக்குப் போன் பண்ணினேன்.

"ஒரு சொல்லு மாத்தினாலும் நான் போட்ட கையெழுத்து இல்லை எண்டு எழுதிக் குடுப்பன்," என்றுவிட்டு வைத்துவிட்டா.

"விடு லா," என்றான் ரிஷி. "அந்த வரிக்காகத்தான் நம்புவாங்க."

மே 14

அனுப்பினேன். கடிதம், மொழிபெயர்ப்பு, 312 சோடி.

மே 30, வெள்ளி

ரிஷியின் விசா இன்றோடு சரி. முடிவு வரும்வரை இடைக்கால விசாவில் இருக்கலாம். நாட்டை விட்டு வெளியே போனால் அதுவும் போய்விடும். விஷாலினி அக்காவின் புதுவீடு குடிபூரல் அடுத்த மாதம். போக முடியாது. போனில் அவன் சமாளித்ததைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 8

ஞாயிறு. அம்மா வரவில்லை. கடிதம் எழுதித் தந்த பிறகு இது ஐந்தாவது ஞாயிறு.

ஜூன் 19, வியாழன். மாலை 5.20

கிடைத்துவிட்டது. மின்னஞ்சலில் நாலு வரி. இரண்டு வருடம். அதற்குள் நிரந்தர வதிவிடத்துக்கு, முதலிலிருந்து, எல்லாவற்றையும் திரும்பவும். 64 கோப்பையும்! இதற்கா இத்தனை — சரி. கிடைத்துவிட்டது. ரிஷி பாத்ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு பத்து நிமிடம் குழாயைத் திறந்துவிட்டான். நான் வெளியே தரையில் இருந்தேன்.

அம்மாவுக்குப் போன் பண்ணினேன்.

"சரி," என்றா. பிறகு அவவே தொடர்ந்தா:

"ஞாயிறு வாறன். முழங்கால் நோகுது, உடனை திரும்ப ஏலாது. ஒரு நாள் நிண்டிட்டுப் போறன். அந்தக் கட்டில் இருக்குதோ, வித்துப்போட்டியளோ?"

"இருக்கு."

"அவருக்குப் புட்டு விருப்பமெல்லே? கேட்டுச் சொல்லு."

செய்யவேண்டியவை:

1. செல்வரத்தினம் மாமாவிடம் ஒப்பந்தத்தை மாற்றச் சொல்வது. இரண்டு பெயர். முதலில் அம்மாவைக் கேட்டுவிட்டு. அவ வேண்டாம் என்றால் வேறு வீடு பார்ப்பது.
2. போனில் இருக்கும் மியூசியம் படத்தை அழிப்பது.
3. ஞாயிறு ஒரு படம். மூன்று பேரும். யாராவது வேறு ஆள் எடுக்கவேண்டும்.
4. விஷாலினி அக்காவுக்கு நானே பேசுவது.
5. அந்த அறையிலிருந்து சேர்ட், சார்ஜர், போத்தல் எல்லாவற்றையும் எடுப்பது.
6. விரிப்பைத் துவைப்பது. மடிப்புப் போகும்வரை. அம்மா படுக்கப் போகிறா.