காணாமப் போன டி டிரைவ்

9.10.2005, ஞாயிறு

முருகா. தம்பி மகன் முத்துக்குமரன், கம்ப்யூட்டர்ல லினக்ஸுன்னு என்னமோ புதுசா ஏத்துறேன்னு உக்காந்தான். ஏத்தி முடிச்சுப் பாத்தா டி டிரைவைக் காணோம். உள்ள ரெண்டு அறையாத் தடுத்து வச்சிருப்பாகளாம், அதுல ஒண்ணு தொலைஞ்சு போச்சாம். எம்பேரன் படம் அம்புட்டும் அதுலதான். எம்மக சரண்யா கப்பலூர்ல இருந்து இமெயில்ல அனுப்புனது, அங்க எடம் பத்தலைன்னு முத்து இதுல எடுத்து வச்சுட்டு அதை அழிச்சுட்டான். தம்பி இல்லாத நேரமாப் பாத்து முத்து காட்டுவான்.

கப்பலூர் என்ன சீமையா? கோச்சடையில பஸ் ஏறுனா போயிரலாம். வேத்துச் சாதிக்காரனைக் கட்டுனவ வாசலை மிதிச்சா இந்த வாசலை மறந்துருன்னு தம்பி வீரணன் சொல்லிப்புட்டானே. தாலியறுத்துத் தம்பி சோத்தைத் திங்கிறவ என்னத்தப் பேச?

10.10.2005

"போனது போனதுதான் அத்தை"ங்கிறான் முத்து. மொகம் குடுத்துப் பேசலை. நாசமாப் போற லினக்ஸு. டி டிரைவ் திரும்பி வந்தாப் பாண்டிகோயில்ல பொங்க வைக்கிறதா வேண்டிக்கிட்டேன்.

11.10.2005, ஆயுத பூசை

விண்டோஸையே மறுபடி ஏத்திருவோம்னு காலையிலேயே சிடியைத் தூக்கிட்டு வந்தான். விட்டேனா? அருவா, மம்பட்டி, தம்பி பைக்கு, தையல் மிசினு, எல்லாத்துக்கும் பொட்டு வச்சாச்சு. இதுக்கும் வச்சாச்சு. பூசையில வச்சதை இன்னைக்குத் தொடப்படாது. சுவிச்சு மேலயே சந்தனத்தை அப்பி விட்டேன். தம்பி பொண்டாட்டி ஜெயக்கொடி, "மதினிக்குக் கம்ப்யூட்டரும் சாமியாப் போச்சு"ன்னு சிரிச்சா. சிரிக்கட்டும்.

12.10.2005

முத்துவோட கூட்டாளி ஹரிஷ்குமார் வந்தான். வேற ஒரு லினக்ஸ் சிடியைப் போட்டே தேடுனான். கறுப்புல வெள்ளை எழுத்தா ஓடுது, நான் பக்கத்துல முருகா முருகான்னு உக்காந்திருக்கேன். வந்துருச்சு! டி டிரைவ் முழுசா வந்துருச்சு. அதுமேல எதையும் ஏத்தாம விட்டதுதான் காப்பாத்துச்சாம். யாரு தடுத்ததுன்னு கேட்டான். நான்தான்னேன். பெருமைதான், ஒரு நிமிசம்.

முத்துவோட பாட்டு இருக்கு. அவன் காலேசு வேலை இருக்கு. திருவாதவூர்ல ஜெயக்கொடி தங்கச்சி மக சடங்குப் படம்கூட இருக்கு. எம்பேரன் இல்லை.

ஹரிஷ் மறுபடி மறுபடி பாத்தான். "பேரன் படமெல்லாம் லினக்ஸ் ஏத்துறதுக்கு முன்னாடியே அழிச்சதுல்ல மாப்ள?"

முத்து தரையப் பாத்தான். "அப்பாதான் அழிக்கச் சொன்னாரு அத்தை. போன வாரமே. நீங்க லினக்ஸைத் திட்டுனீங்க... நானும் அப்படியே விட்டுட்டேன்."

வீரணன் பேப்பர்ல இருந்து தலையத் தூக்கலை. நான் தூக்கி வளத்த தம்பி.

ஒண்ணு ரெண்டு கெடைக்கும், தேடவான்னு கேட்டுச்சு ஹரிஷ் தம்பி. வேணாம்ப்பான்னுட்டேன். யாரு வீட்டுல வச்சுப் பாக்க?

13.10.2005

நான் பாண்டி சாமிகிட்ட டி டிரைவைத்தான் கேட்டேன். குடுத்துட்டாரு. படத்தைக் கேக்கலையே. பொங்க வச்சுத்தான் ஆகணும்.

15.10.2005, கப்பலூர்

கெளம்புறப்ப போயிட்டு வாரேன்னு சொல்லலை. போறேன்னேன். ஜெயக்கொடி சட்டி கழுவுறதை நிப்பாட்டலை.

சரண்யா பையை வாங்கி உள்ள வச்சா. பேரன் படத்துல பாத்ததைவிடக் கறுப்பு. எங்கய்யா மூக்கு. தூக்கப் போனா வீல்னு அழுது அவ கழுத்தைக் கட்டிக்கிறான். அழாம என்ன செய்வான்? எம்படத்தை அவனுக்கு யாரு காட்டுனா?