ஆடலூர்க் குளத்தில் மருதாநதி மட்டி

12 மார்ச் 1976
பெருமாள்மலைக் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு அய்யம்பாளையம் போனேன். தெரசம்மாளும் வந்தாள். மருதாநதியில் அணை வேலை நடக்கிறது. மட்டி எடுத்த மடு தண்ணீருக்குள் போய்விடுமாம். கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் இங்கே மட்டி பொறுக்கி, ஓட்டைச் சுட்டு, சுண்ணாம்பு விற்றுத்தான் முதல் கடையே வந்தது. இறங்கிப் பார்த்தேன். மணலில் பாதி புதைந்து நிற்கும் மட்டியின் விளிம்பைக் கால் கட்டைவிரல் இன்னும் மறக்கவில்லை.

“அன்னைக்கும் இப்படித்தான் இடுப்புத் தண்ணியில நின்னு வேடிக்கை பாத்தீங்க. பொறுக்குனது பூரா நான்” என்றாள். பொய்யில்லை.

ஒரு கூடை உயிரோடு எடுத்து, ஈரச்சாக்கு போர்த்தி, ஆடலூரில் எங்கள் தோட்டத்துக் குளத்தில் விட்டோம். இந்த இனம் அற்றுப்போகக் கூடாதென்று அவளுக்கு ஆசை. எனக்கும்தான். லாபம் எதுவும் இல்லை.

20 மார்ச்
குளத்து மீனையெல்லாம் வலைபோட்டு எடுக்கச் சொன்னேன். குஞ்சு மட்டியைத் தின்றுவிடும். கிட்டங்கியில் எலியை வைத்துக்கொண்டா நெல்மூட்டை அடுக்குவேன்?

4 ஆகஸ்ட் 1978
பெரியவை நன்றாக இருக்கின்றன. குஞ்சு ஒன்றுகூட இல்லை. ஏன்?

9 ஆகஸ்ட்
கொடைக்கானலில் விலங்கியல் சொல்லித்தரும் பரமானந்தம் சார் மிளகு வாங்க வந்தார். கேட்டேன். தாய் மட்டி தன் செவுளில் குஞ்சைச் சுமந்து தண்ணீரில் விடுமாம்; தூசி அளவுதானாம். அது மீனின் செவுளிலோ துடுப்பிலோ கவ்விக்கொண்டு சில வாரம் கிடந்தால்தான் மட்டியாகி மணலில் உதிருமாம்.

“குளத்து மீனெல்லாம் என்ன செஞ்சீங்க?”

“குழம்பு வச்சோம், சார்.”

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் சொன்னால் அவள், “பஸ்ஸ நீங்களே நிறுத்திப்புட்டு, ஆளு வந்து எறங்கலயேன்னா?” என்கிறாள்.

13 ஆகஸ்ட்
அந்த ஆற்று மீனே நல்லது என்றார் சார். கெண்டையும் கெளுத்தியும் பானையில் கொண்டுவந்தோம். மலையேறுவதற்குள் பாதி செத்தது. மிச்சத்தைக் குளத்தில் விட்டோம்.

2 டிசம்பர் 1979
மடு மூழ்கிவிட்டது. கரையில் நின்று இடத்தைக் காட்டப் பார்த்தாள் — தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

17 மே 1983
மழை இல்லை, குளம் வற்றுகிறது. மட்டிகளை மேலே ஊற்றுக் குட்டைக்கு மாற்றப் போனோம். சேற்றில் கைவிட்ட தெரசம்மாள் அப்படியே நின்றாள். உள்ளங்கையை விரித்தாள். பச்சை ஓட்டோடு, சுண்டுவிரல் நகம்போல மூன்று. மருதாநதியைப் பார்க்காதவை.

“வெரசா வாங்க. மீனையும் சேத்துப் பிடிக்கணும்.”

கடை இன்று திறக்கவில்லை. பெரியவற்றைச் சாக்கில் நான் தூக்கினேன். சின்னவற்றைத் தரமாட்டேனென்று ஈரத்துணியில் சுற்றி அவளே வைத்துக்கொண்டாள். மீன் பிடித்து முடிக்கத்தான் சாயங்காலமாகிவிட்டது.